மனநல நெருக்கடியில் இருப்பவரை இரவு முழுவதும் காவல் நிலையத்தில் வைத்திருக்கலாமா?

கேள்வி
எழுதியவர்: காசிமேட்டு அக்கா

அனைவருக்கும் வணக்கம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்பில் அம்மாவும் தம்பியும் நானும் வசிக்கிறோம். தம்பிக்கு இருபத்தெட்டு வயது ஆகிறது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோதே அவனுக்கு மனச்சிதைவு நோய் இருப்பது தெரியவந்தது. அன்றிலிருந்து அரசு மருத்துவமனையில்தான் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறான். ஒழுங்காகச் சாப்பிடும் காலங்களில் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் கணக்கு எழுதும் வேலைக்குப் போய்வருவான். யாரிடமும் உரக்கப் பேசாதவன் என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் அவனுக்கும் வேலை இருக்காது. இந்த ஆண்டு அப்படி வீட்டில் இருந்தபோது, மாத்திரை போட்டால் பகலெல்லாம் தூக்கமாக வருகிறது என்று சொல்லி எங்களுக்குத் தெரியாமல் நிறுத்திவிட்டான். முதலில் இரவுத் தூக்கம் போயிற்று. பிறகு, பக்கத்து வீட்டார் சுவரில் காது வைத்துத் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சொல்லத் தொடங்கினான். ஒருநாள் நள்ளிரவில் குக்கர் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிக் கத்தினான். யாரையும் அடிக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் சிறு குழந்தைகள் இருக்கிறார்கள். பயந்துபோய் 100-க்கு அழைத்துவிட்டார்கள்.

ரோந்து வாகனத்தில் வந்த காவலர்கள் நான்கு பக்கமும் நின்றுகொண்டு, மூடியைக் கீழே போடு, கையைத் தூக்கு, இங்கே வா என்று ஒரே நேரத்தில் அதட்டினார்கள். அவன் ஓடப் பார்த்தான். கீழே தள்ளி, துண்டால் கைகளைப் பின்னால் சேர்த்துக் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். அம்மா புறநோயாளிச் சீட்டையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். கஞ்சாவா, குடியா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்களே தவிர, அந்தச் சீட்டை ஒருவரும் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. விடியும்வரை கம்பிக் கதவு போட்ட அறையில் அவனை உட்கார வைத்துவிட்டு, காலையில் அம்மாவிடம் வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். இரண்டு மணிக்கட்டுகளிலும் துண்டு இறுகிய இடம் வளையல்போல் கன்றிப்போயிருந்தது. நாங்கள்தான் ஆட்டோ பிடித்து மருத்துவமனையில் சேர்த்தோம். இப்போது தேறி வீட்டுக்கு வந்துவிட்டான். ஆனாலும் தெருவில் காக்கிச் சட்டையைக் கண்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான்.

காவலர்கள்மீது வழக்குப் போட வேண்டும் என்பதற்காக இதை நான் எழுதவில்லை. இப்படி நிலையத்தில் வைத்திருக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? மறுபடியும் இப்படி ஒரு நாள் வந்தால் யாரை முதலில் அழைப்பது, வருகிறவர்களிடம் என்ன சொல்வது? அம்மா இரவில் சின்னச் சத்தம் கேட்டாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். தெரிந்தவர்கள் தயவுசெய்து விளக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்
எழுதியவர்: ஜார்ஜ் டவுன் வழக்கறிஞர்

சகோதரிக்கு வணக்கம். உங்கள் முதல் கேள்விக்குச் சட்டத்தில் நேரடியான பதில் இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் நிறைவேறி 2018-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 100-ஆம் பிரிவு முழுவதும் காவல் துறையின் கடமைகளைப் பற்றியதுதான். மனநோய் காரணமாகத் தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள ஒருவரைக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி தம் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். எதற்காக எடுத்துக்கொள்கிறோம் என்பதை அவரிடமே சொல்ல வேண்டும். அவரால் புரிந்துகொள்ள முடியாது என்று தோன்றினால் அவருடைய பிரதிநிதியிடம் சொல்ல வேண்டும். அதன்பின் எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்கு மிகாமல், அருகிலுள்ள அரசு மருத்துவ நிறுவனத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படிப் பாதுகாப்பில் எடுக்கப்பட்ட எவரையும் எந்தச் சூழ்நிலையிலும் காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ அடைத்து வைக்கக் கூடாது என்று அந்தப் பிரிவு விதிவிலக்கே இல்லாமல் சொல்கிறது.

இந்த 24 மணி நேரம் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. விடியும்வரை நிலையத்தில் உட்கார வைத்தாலும் 24 மணி நேரத்துக்குள்தானே வருகிறது என்று வாதிடுகிறார்கள். சட்டம் அதைக் கெடுவாகத்தான் வைத்திருக்கிறது. காத்திருக்கச் சொல்லி அனுமதி தரவில்லை. காசிமேட்டிலிருந்து ஸ்டான்லி அரசு மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பது உங்களுக்கே தெரியும். நள்ளிரவில் போக்குவரத்தும் இருக்காது. அவ்வளவு அருகில் மருத்துவமனை இருக்கும்போது விடியும்வரை ஒருவரைக் கம்பிக் கதவுக்குள் வைத்திருந்ததற்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது.

பழைய வழக்கம் இன்னும் பலருடைய கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இதற்கு முன்பிருந்த 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி, காவலர் அப்படிப்பட்ட ஒருவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அங்கிருந்து உத்தரவு வாங்கித்தான் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். நீதிமன்றம் காலையில்தான் திறக்கும் என்பதால் இரவெல்லாம் நிலையத்தில் வைத்திருப்பது அன்றைய நடைமுறை ஆயிற்று. புதிய சட்டம் அந்த வழியையே மாற்றி, நேராக மருத்துவரிடம் போகச் சொல்லிவிட்டது. மாஜிஸ்திரேட்டின் பங்கு முற்றிலும் போய்விடவில்லை. வீட்டுக்குள் ஒருவரை அடைத்து வைத்துக் கொடுமைப்படுத்துகிறார்கள் அல்லது கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் காவலர் மாஜிஸ்திரேட்டிடம் அறிக்கை தர வேண்டும். ஆனால் உங்கள் தம்பியின் நிலைமைக்கு நீதிமன்றமே தேவையில்லை.

உங்கள் அம்மாவிடம் வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கியதற்குச் சட்டத்தில் எந்த இடமும் கிடையாது. என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்காமல் இனி யாரும் கையெழுத்திட வேண்டாம். வழக்குப் போட விருப்பமில்லை என்கிறீர்கள். அது உங்கள் முடிவு. ஆனால் நடந்ததை நடந்தபடி, யார்மீதும் வசை இல்லாமல், உங்கள் பகுதிக் காவல் துணை ஆணையருக்கு ஒரு மனுவாக எழுதி ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள் என்று நான் வற்புறுத்துவேன். எல்லாக் காவல் நிலையங்களிலும் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்த வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்த இரவின் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி மனுவிலேயே கேட்கலாம். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். மனநோய் உள்ளவருக்கு அந்த உரிமை உண்டு என்பதை அவரிடம் எடுத்துச் சொல்வதும் காவலரின் கடமை என்று இதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு கூறுகிறது.

ஒருவேளை பக்கத்து வீட்டார் புகார் கொடுத்து வழக்கு ஆகியிருந்தாலும் நீங்கள் கலங்கியிருக்கத் தேவையில்லை. தான் செய்வதன் தன்மையை அறிய முடியாத மனநிலையில் ஒருவர் செய்தது குற்றமாகாது என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவு. பழைய தண்டனைச் சட்டத்தில் அது 84-ஆம் பிரிவாக இருந்தது. தற்கொலைக்கு முயன்றவர்களின் குடும்பங்களும் இதே பயத்தோடு என்னிடம் வருகிறார்கள் என்பதால் அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்குத் தண்டனை விதித்த பழைய 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை. கேஸ் ஆகிவிடும் என்று பயந்து யாரும் மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிட வேண்டாம்.

பதில்
எழுதியவர்: திருவொற்றியூர்வாசி

சட்டம் எல்லாம் சரி. ஆனால் நடு இரவில் ஒருவர் கையில் எதையோ வைத்துக்கொண்டு கதவை இடிக்கும்போது, உள்ளே பிள்ளைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குடும்பம் 100-க்கு அழைக்காமல் வேறு யாரை அழைக்கும்? எங்கள் தெருவிலும் இதேபோல் ஒருவர் இருக்கிறார். அவருடைய குடும்பத்தார்மீது எங்களுக்கு இரக்கம்தான் உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் வெளியே வந்து கத்தும்போது, எங்கள் பிள்ளைகள் தேர்வுக்குப் படிக்க முடியாமல் நடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். கைகளைக் கட்டாமல் அவரை எப்படி வண்டியில் ஏற்றுவது? காவலருக்கும் உயிர் பயம் இருக்காதா? இதைக் கேட்பதால் என்னைத் தவறாக எண்ண வேண்டாம். அக்கம்பக்கத்தார் என்ன செய்ய வேண்டும் என்பதையும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில்
எழுதியவர்: ஓய்வுபெற்ற உதவி ஆய்வாளர், வியாசர்பாடி

வட சென்னையின் பல நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். வழக்கறிஞர் சொன்ன சட்டத்தில் நான் மாற்றிச் சொல்ல எதுவும் இல்லை. அந்தச் சட்டம் இரவு இரண்டு மணிக்கு ஏன் நடைமுறைக்கு வராமல் போகிறது என்பதைத்தான் சொல்ல விரும்புகிறேன். அது தெரிந்தால்தான் உங்களால் அடுத்த முறை அதைச் சரிசெய்ய முடியும்.

கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு வரும்போது, பக்கத்து வீட்டுக்காரன் கதவை உடைக்கிறான், சீக்கிரம் வாருங்கள் என்றுதான் சொல்வார்கள். ரோந்து வாகனத்துக்கு அது அடிதடித் தகராறு என்ற பெயரிலேயே போய்ச் சேரும். ஏற்கெனவே இரண்டு கோஷ்டித் தகராறுகளைப் பார்த்துவிட்டு வருகிற காவலர், இதையும் அந்த வரிசையில் ஒன்றாக மனத்தில் வைத்துக்கொண்டுதான் வண்டியை விட்டு இறங்குவார். குடித்துவிட்டுத் தெருவில் ரகளை செய்கிறவர்மீது சென்னை நகரக் காவல் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் ஒரு சிறு வழக்கு எழுதி அனுப்புவது அவருக்குப் பழகிய வேலை. மனநோய் என்று எழுதினால் மருத்துவமனைக்கு மெமோ போட வேண்டும், இரண்டு காவலர்களை உடன் அனுப்ப வேண்டும், வண்டி விடியும்வரை அங்கேயே நிற்கும். பல நேரங்களில் அங்கிருக்கும் பணி மருத்துவர், இங்கே படுக்கை இல்லை, வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள் என்பார். அங்கே போனால் உறவினர் கையெழுத்து இல்லாமல் சேர்க்க முடியாது என்பார்கள். இப்படி ஒரு முறை அலைந்தவர், அடுத்த முறை காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைப்பார். அது சரி என்று நான் வாதாடவில்லை. சட்டப்படி அது தவறு. மதிப்பீட்டுக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பு அந்த அரசு மருத்துவ நிறுவனத்தின் பொறுப்பு மருத்துவருடையது என்று அதே 100-ஆம் பிரிவு சொல்வதை, காவலருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை, மருத்துவருக்கும் யாரும் நினைவூட்டவில்லை.

திருவொற்றியூர் நண்பரின் கேள்விக்கு வருகிறேன். 100-க்கு அழைத்ததில் தவறே இல்லை. ஆனால் அழைக்கும்போது, இவருக்கு மனநலப் பாதிப்பு இருக்கிறது, சிகிச்சையில் இருக்கிறார், ஆம்புலன்ஸோடு வாருங்கள் என்ற விவரத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள். அதனாலேயே வருகிறவர்களின் மனநிலை மாறும். கையில் கத்தி போன்ற ஆயுதம் இருக்கிறதா இல்லையா என்பதையும் உள்ளபடி சொல்லுங்கள். மிகைப்படுத்தினால் அதற்கேற்ற ஆயத்தத்தோடுதான் வருவார்கள்.

கட்டாமல் எப்படி என்று கேட்டீர்கள். என்னோடு பணியாற்றிய ஒரு தலைமைக் காவலரின் செயலைச் சொல்கிறேன். புளியந்தோப்புப் பக்கம் ஒரு சந்தில், கையில் இரும்புக் குழாயோடு ஒருவர் நின்றுகொண்டு யாரையும் நெருங்க விடாமல் இருந்தார். சந்து முழுவதும் கூட்டம். இவர் முதலில் கூட்டத்தைக் கலைக்கச் சொன்னார். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களை அதட்டி விரட்டினார். எங்களையும் சந்து முனையிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். தண்ணீர் லாரிக்காக வரிசையில் வைத்திருந்த பிளாஸ்டிக் குடங்களில் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அந்த ஆளுக்கு எட்டாத தூரத்தில், அவருக்கு நேர் எதிரே நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டார். “கால் வலிக்குதுப்பா, செத்த நேரம் உக்காந்துக்கிறேன். நீ சாப்ட்டியா?” என்று கேட்டார். பதில் வரவில்லை. அவரும் அவசரப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாருக்குப் பயந்து நிற்கிறாய் என்று கேட்டார். அந்த ஆள் சொன்னது எதையும் மறுக்கவும் இல்லை, ஆமாம் போடவும் இல்லை. பயமாகத்தான் இருக்கும், ஆஸ்பத்திரிவரை நான் கூட வருகிறேன் என்று மட்டும் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் குழாயைக் கேட்டு வாங்கவில்லை, அதைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு வா என்றார். கை வைக்காமலேயே ஆம்புலன்ஸில் ஏற்றினோம்.

இது ஏதோ ஒரு தனிமனிதரின் குணம் என்று விட்டுவிடக் கூடாது. பயிற்சியால் வரக்கூடிய திறமை இது. அமெரிக்காவில் மெம்பிஸ் நகரில் 1987-இல் மனநோய் இருந்த ஓர் இளைஞரைக் காவலர் சுட்டுக் கொன்ற பிறகு, அடுத்த ஆண்டே காவலர்களில் விருப்பமுள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து, மனநல மருத்துவர்களையும் நோயாளிகளின் குடும்பத்தாரையும் கொண்டு 40 மணி நேரப் பயிற்சி கொடுக்கும் முறையைத் தொடங்கினார்கள். பிறகு பல நகரங்கள் அதை எடுத்துக்கொண்டன. நம் சட்டத்தின் 30-ஆம் பிரிவும் காவலர்களுக்கு அவ்வப்போது பயிற்சி தர வேண்டும் என்கிறது. அது அதிகாரிகளுக்கான அரை நாள் கருத்தரங்காக முடிந்துவிடாமல், இரவு ரோந்துக்குப் போகும் இரண்டாம் நிலைக் காவலர்வரை போய்ச் சேர வேண்டும். கதவைத் திறந்ததும் எதிரே நிற்கப்போகிறவர் அவர்தான்.

சாலையோரம் ஆதரவின்றித் திரிகிறவர்களுக்காகப் பெருநகர சென்னைக் காவல் துறை 2021-இல் ‘காவல் கரங்கள்’ என்ற மீட்புப் பணியைத் தொடங்கியது. தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து மீட்டு, காப்பகத்திலோ மருத்துவமனையிலோ சேர்க்கிறார்கள். ஊர் பேர் விசாரித்துக் குடும்பத்தோடு சேர்த்து வைப்பதும் நடக்கிறது. வீட்டில் இருக்கிறவர்களுக்கு நெருக்கடி வரும்போது கைகொடுக்கவும் இப்படி ஓர் ஏற்பாடு வேண்டும் என்பது என் கருத்து.

பதில்
எழுதியவர்: மனநலப் பிரிவுச் செவிலியர்

அக்காவுக்கு வணக்கம். உங்கள் அம்மாவின் உறக்கமின்மையைப் படித்தபோது மனம் கனத்தது. அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் பணியாற்றும் நான், காவலர்கள் கொண்டுவரும் நோயாளிகளை வாசலில் நின்று வாங்கிக்கொள்ளும் பக்கத்திலிருந்து சில விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலில் கட்டுவதைப் பற்றி. கைகளைப் பின்னால் கட்டி, குப்புறக் கிடத்தி, முதுகில் முழங்காலை ஊன்றுவது உயிருக்கே ஆபத்தானது. பயத்திலும் பரபரப்பிலும் மூச்சு வேகமாக இருக்கும் ஒருவரால், மார்பு அழுத்தப்படும்போது போதிய காற்றை இழுக்க முடியாது. அவர் மூச்சுக்காகத் திமிறுவதைத் திமிர் என்று நினைத்து இன்னும் அழுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். தவிர்க்கவே முடியாமல் பிடிக்க வேண்டியிருந்தால், கை கால்களைப் பிடித்துக்கொண்டு, முகமும் மார்பும் அழுந்தாமல், முடிந்த விரைவில் உட்கார்ந்த நிலைக்கோ பக்கவாட்டில் படுத்த நிலைக்கோ கொண்டுவர வேண்டும். ஒருவர் அவருடைய முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேசுகிறவர் ஒருவராகவே இருக்கட்டும். காதுக்குள் ஏற்கெனவே குரல்கள் கேட்டுக்கொண்டிருக்கும் மனிதரிடம் நான்கு பேர் நான்கு கட்டளையிட்டால் அவர் எதைச் செய்வார்?

சங்கிலியால் கட்டி வைப்பதற்கு மருத்துவமனைகளிலேயே இடமில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் நடந்த தீ விபத்தில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் கருகி இறந்ததை நம் மாநிலம் மறக்கவே முடியாது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று 95-ஆம் பிரிவில் தனியாகவே எழுதியிருக்கிறது.

அடுத்து, யாரை அழைப்பது என்ற கேள்வி. நெருக்கடி முற்றுவதற்கு முன்பே, தூக்கம் கெட்டுச் சந்தேகப் பேச்சு தொடங்கும் கட்டத்திலேயே 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மனஸ் சேவையின் எண் அது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. மருந்தை நிறுத்திவிட்டான், எப்படிப் பேசி மறுபடி கொடுப்பது என்பது போன்ற கேள்விகளுக்கு அங்கே வழி சொல்வார்கள். கைமீறிவிட்டது என்றால் 108-க்கு அழைத்து, மனநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர், இப்போது பதற்றமாக இருக்கிறார் என்று சொல்லுங்கள். ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால் அவர்களே காவல் துறை உதவியையும் கேட்பார்கள். அப்போது காவலர் ஆம்புலன்ஸுக்குத் துணையாக வருவார். அவரே முன்னால் நின்று ஆளைப் பிடிக்கும் நிலைமைக்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

எங்கே கொண்டுபோவது என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 1794-இல் சென்னையில் தொடங்கிய ஒரு காப்பகத்தின் வழிவந்த நிறுவனம் அது. பெரிய மருத்துவமனை, நல்ல மருத்துவம் கிடைக்கும். ஆனால் ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. அதைவிட முக்கியமாக, இப்படி வருகிற எல்லோருக்கும் மனநோய்தான் என்று சொல்லிவிட முடியாது. குறிப்பாக நம் பகுதியில், தினமும் குடித்துக்கொண்டிருந்தவர் காசு இல்லாமலோ காய்ச்சலில் படுத்தோ திடீரென்று குடியை நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, சுவரில் பூச்சி ஊர்கிறது, ஆள் நிற்கிறது என்று கத்தத் தொடங்குவார். அது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை, வலிப்பும் வரலாம். காவலர் அதைக் குடிபோதை என்று நினைத்துத் தெளியட்டும் என்று நிலையத்தில் உட்கார வைத்தால், தெளிவதற்குப் பதிலாக அவர் இறந்துபோகலாம். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை இறங்கினாலும், மூளைக் காய்ச்சல் வந்தாலும், தலையில் அடிபட்டிருந்தாலும் இதே போல நடந்துகொள்வார்கள். பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நாடித் துடிப்பும் ரத்தச் சர்க்கரையும் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். நிலையத்துக்குக் கொண்டுபோகாமல் நேராக மருத்துவமனைக்கு வாருங்கள் என்று நாங்கள் கெஞ்சுவதற்கு இதுதான் முதற்காரணம்.

அவசர நிலையில் கையெழுத்துக்காகச் சிகிச்சை நிற்கத் தேவையில்லை. உயிருக்கு ஆபத்தோ, தனக்கோ பிறருக்கோ பெரும் தீங்கோ நேரலாம் என்றால், பதிவு பெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம்வரை அவசரச் சிகிச்சை தரலாம் என்று 94-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பிரதிநிதி உடன் இருந்தால் அவருடைய ஒப்புதலைக் கேட்க வேண்டும். யாரும் இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும் அந்தச் சிகிச்சையில் அடக்கம். ஆம்புலன்ஸுக்கும் காவலருக்கும் இது தெரிந்தால் வாசலில் நடக்கும் வாக்குவாதம் பாதி குறையும்.

கடைசியாக, தம்பி நன்றாக இருக்கும் இந்த நாட்களிலேயே செய்து வைக்க வேண்டியவை உண்டு. நோயின் பெயர், சாப்பிடும் மாத்திரைகள், பார்க்கும் மருத்துவமனை, உங்கள் கைப்பேசி எண் ஆகியவற்றை ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி, புறநோயாளிச் சீட்டின் நகலோடு சேர்த்துக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டி வையுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள்; 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது. சீட்டை வாங்கிப் பார்க்காத காவலரும் அரசு அடையாள அட்டையை வாங்கிப் பார்ப்பார். பகல் நேரத்தில் நீங்களும் அம்மாவும் நிலையத்துக்குப் போய், ஆய்வாளரையோ வரவேற்பாளரையோ பார்த்து, எங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள். தம்பியின் சம்மதத்தோடு இதைச் செய்யுங்கள். முடிந்தால் தம்பியையும் ஒருநாள் அழைத்துப் போகலாம். ஆனால் காக்கியைக் கண்டு உள்ளே ஓடும் பயம் தணிந்த பிறகு, அவனாக வருகிறேன் என்று சொன்னால் மட்டும். மாத்திரையால் பகலில் தூக்கம் வருகிறது என்பது உண்மையான தொந்தரவுதான். அடுத்த முறை போகும்போது அதை மருத்துவரிடம் சொன்னால், வேளையை இரவுக்கு மாற்றுவார், அளவைக் குறைப்பார், அல்லது மாதம் ஒரு முறை போடும் ஊசிக்கு மாற்றுவார். தடைக்காலம் தொடங்கும் முன்பே அதைப் பேசி முடித்துவிடுங்கள்.

பதில்
எழுதியவர்: காசிமேட்டு அக்கா

உங்கள் எல்லோருக்கும் என் அம்மாவின் சார்பாகவும் நன்றி சொல்கிறேன். ஐயா சொன்ன குடத்தைக் கவிழ்த்து உட்கார்ந்த தலைமைக் காவலரைப் பற்றி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்; அந்த இரவு அப்படி ஒருவர் வந்திருந்தால் என்று அழுதுவிட்டார். மனு எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறோம். திருவொற்றியூர் அண்ணன் கேட்டது எனக்குக் கோபம் தரவில்லை. எங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடமும் உட்கார்ந்து பேசி, அடுத்த முறை முதலில் எனக்கும் பிறகு 108-க்கும் அழைக்கச் சொல்லி எண்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்களும் சரி என்றார்கள்.

இன்னும் ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. எல்லோரும் பிரதிநிதி என்று எழுதியிருக்கிறீர்கள். அது அம்மாவா, நானா? அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதற்கு நீதிமன்றத்துக்குப் போய்ப் பத்திரம் போட வேண்டுமா?

பதில்
எழுதியவர்: மனநலப் பிரிவுச் செவிலியர்

பத்திரமும் வேண்டாம், நீதிமன்றமும் வேண்டாம். யாரைப் பிரதிநிதியாக வைத்துக்கொள்வது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் தம்பிதான். சட்டத்தின் 14-ஆம் பிரிவு அந்த உரிமையை அவருக்குத்தான் கொடுத்திருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பிய, அந்தப் பொறுப்பை ஏற்கச் சம்மதிக்கும் யாரையும் அவர் சொல்லலாம். உறவினராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வெள்ளைத்தாளில் எழுதி அவர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். பிறகு மனம் மாறினால் அவரே மாற்றிக்கொள்ளலாம். அப்படி எதுவும் எழுதி வைக்காவிட்டாலும் உறவினர் என்ற முறையில் அம்மாவையோ உங்களையோ மருத்துவமனை பிரதிநிதியாக ஏற்கும். ஆனாலும் எழுதி வைப்பது நல்லது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதது இதற்குத் தடையில்லை. இருந்தாலும் இரவில் காவலரிடமும் மருத்துவரிடமும் விவரம் சொல்லப்போகிறவர் யார் என்பதைத் தம்பியிடம் எடுத்துச் சொல்லி, அவர் விருப்பப்படி எழுதச் சொல்லுங்கள். இரண்டு நகல் எடுத்து, ஒன்றை அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது மருத்துவமனைக் கோப்பில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்; இன்னொன்று கதவுக்குப் பக்கத்தில் மாட்டும் தாளோடு இருக்கட்டும்.